கன்ட்ரோல் சொல்லட்டும்

மின்சார அலுவலகத்தில் கன்ட்ரோல் ரூம் என்று ஒரு அறை உண்டு. பேர்தான் பெரிசு. ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, இரண்டு போன், சுவரை அடைத்துக்கொண்டு ஊரின் மின்கம்பிகள் எல்லாம் வரைந்த ஒரு படம், அவ்வளவுதான். அந்த அறைக்குள் சின்ன வயதில் போய் உட்கார்ந்தவள், தலை நரைத்து ஓய்வு பெற்ற அன்றுதான் எழுந்து வெளியே வந்தாள். லைன்மேன்கள் அவளை "கன்ட்ரோல்" என்று கூப்பிட ஆரம்பித்து, வயது ஏற ஏற மரியாதையும் ஏறி, கன்ட்ரோலம்மா ஆக்கிவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது.

வேலை இதுதான். கம்பம் ஏறப் போகிறவன் கீழே நின்றபடி அவளுக்கு போன் செய்வான். எந்த லைன், எந்தக் கம்பம் என்று சொல்வான். அவள் அந்த லைனை நிறுத்த ஏற்பாடு செய்து, நின்றதா என்று சரிபார்த்து, "லைன் நிறுத்தியாச்சு, ஏறலாம்" என்பாள். அவன் அதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அவள் "சரி" என்பாள். அந்தச் "சரி" காதில் விழாமல் கம்பத்தில் கை வைக்கக் கூடாது. கூடவே நிற்கிற கூட்டாளி, சொந்த அண்ணன் தம்பியாகவே இருக்கட்டும், "கரண்ட் இல்லப்பா, தைரியமா ஏறு" என்றால் ஏறக் கூடாது. அப்படி ஏறிக் கரிக்கட்டையாக இறங்கியவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவனை நம்பாதே, போனில் வருகிற குரலை நம்பு. புதிதாகச் சேருகிறவன் மண்டையில் முதலில் ஏற்றுவது இதைத்தான்.

அவள் கட்டிக்கொண்டதும் ஒரு லைன்மேனைத்தான். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பல மாதம் அவர் அவள் குரலை மட்டுமே கேட்டிருந்தார். கல்யாணம் ஆன பிறகும் வீட்டில் அவளைக் கன்ட்ரோல் என்றேதான் கூப்பிட்டார். பொண்டாட்டி பேச்சைக் கேட்டு நடக்கிறவனை ஊர் சும்மா விடுமா? ஆனால் இவரைக் கேலி செய்ய அலுவலகத்தில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. எல்லாருமே இவர் பொண்டாட்டி பேச்சைக் கேட்டுத்தான் சாயங்காலம் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

கை நிறைய வேலை, ஒரே மகன், இரண்டாவது மாடியில் சொந்தமாக ஒரு வீடு. பெரிய குறை எதுவும் இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது. லைன்மேன் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த சில வருஷங்களில் ஞாபகம் கழன்றுபோக ஆரம்பித்தது. முதலில் சாவி வைத்த இடம் மறந்தது. யாருக்குத்தான் மறக்காது என்று சிரித்தார்கள். பிறகு கடைக்குப் போனவர் வேறு தெருவில் நின்றுகொண்டு வீடு எங்கே என்று கேட்டார். அப்போது சிரிப்பு நின்றுபோனது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது என்றும், இதற்குத் திரும்பி வருகிற வழி இல்லை என்றும் சொன்னார். நல்ல டாக்டர். சுற்றி வளைக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் லைன்மேன் தெளிவாக இருந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கன்ட்ரோல், என்ன ஆனாலும் என்னைக் கொண்டுபோய் எங்கேயும் விட்டுடாதே." அவள் விடமாட்டேன் என்றாள். அவர் விடவில்லை. "திருப்பிச் சொல்லு" என்றார். "உங்களை எங்கேயும் கொண்டுபோய் விடமாட்டேன்" என்று திருப்பிச் சொன்னாள். அவர் "சரி" என்றார். அதற்குப் பிறகு அந்த அளவு தெளிவு அவருக்கு வரவே இல்லை.

இருட்டத் தொடங்கினால்தான் கஷ்டம். பகலெல்லாம் சாதுவாக உட்கார்ந்திருப்பவருக்கு வெளிச்சம் குறைந்ததும் காலில் ஏதோ முளைத்துவிடும். எழுந்து நடப்பார். பாத்ரூம் தேடிப் போய்ச் சமையலறையில் நிற்பார். ஒரு தடவை பாத்ரூம் வாசல்படியில் விழுந்து மணிக்கட்டு பிசகியது. இரண்டாம் தடவை நடையில் விழுந்தார். நெற்றியில் தையல் போட வேண்டியதாகிவிட்டது.

வேறு ஊரில் வேலையாக இருந்த மகன் அலறியடித்துக்கொண்டு வந்தான். அப்பா நெற்றியைப் பார்த்தவனுக்கு முகம் செத்துப்போனது. "அம்மா, உன்னால தூக்க முடியுதா சொல்லு. இன்னொரு தடவை விழுந்தா, நீ என்ன சொன்னாலும் நான் கேக்கப் போறதில்ல. முதியோர் இல்லத்துல சேர்த்துடுவேன்." அவன் கெட்டவன் இல்லை. பயந்துபோனவன். பயந்தவனிடம் வாதாடுவது கெட்டவனிடம் வாதாடுவதைவிடக் கடினம்.

அந்த இல்லத்தை அவள் போய்ப் பார்த்திருந்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. எல்லா அறையிலும் ஒரே மாதிரி வெள்ளை வெளிச்சம். வரிசையாக நாற்காலி போட்டு ஆட்களை உட்காரவைத்து, எழுந்திருக்க முடியாதபடி முன்னால் பலகை மாட்டியிருந்தார்கள். ஒரு பெரியவர் அந்தப் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவள் விசாரிக்க வேண்டியதைக்கூட விசாரிக்காமல் திரும்பிவிட்டாள். ஆகவே இன்னொரு தடவை அவர் விழக் கூடாது. அதற்கப்புறம் அவள் வாழ்க்கையில் வேறு கேள்வியே இல்லாமல் போனது.

ஸ்மார்ட் லைட் யோசனை மகனுடையது. அப்பா எழுந்தால் வெளிச்சம் தானாக வரவேண்டும், அவ்வளவுதான் என்றான். பல்பும் சென்சாரும் ஸ்பீக்கரும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. மாட்டிக்கொடுக்க ஒருவர் வந்தார். நடு வயதுக்காரர், மூட்டுவலி, ஸ்டூலில் ஏறும்போதெல்லாம் "ஐயோ கடவுளே" என்பார். பல்போடு பேசுகிற வழக்கமும் இருந்தது. "என்னப்பா, பிடிக்க மாட்டியா? பிடிச்சுக்கோ ராஜா" என்று கெஞ்சுவார். அது மூன்று தடவை மினுக்கி வைஃபையைப் பிடித்துக்கொண்டால் கையெடுத்துக் கும்பிடுவார். பல்புக்காரர் என்று கன்ட்ரோலம்மா போனில் பதிந்துவைத்தாள்.

படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை வழி நெடுக சென்சார். அவர் காலைக் கீழே வைத்தால் அறை விளக்கு மங்கலாக எரியும், நடைக்கு வந்தால் நடை விளக்கு, அப்புறம் பாத்ரூம். எது எரிகிறது என்று அவள் போனில் தெரியும். போனிலிருந்தே கூட்டலாம், குறைக்கலாம், அணைக்கலாம். பல்புக்காரர் ஒருமுறை நடந்து காட்டியபோது விளக்குகள் அவருக்கு முன்னால் ஒவ்வொன்றாக வழிவிட்டன. அவள் ரொம்ப நாளைக்கப்புறம் மனசுவிட்டுச் சிரித்தாள்.

சிரிப்பு மறுநாளே போய்விட்டது. லைன்மேன் பாத்ரூமில் உட்கார்ந்திருக்கும்போதே விளக்கு அணைந்து, அவர் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்தார். அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஆள் இல்லை என்று சென்சார் முடிவுகட்டிவிடுகிறது. பல்புக்காரர் வந்து, நேரத்தை நீட்டிவைத்து, சென்சாரை வேறு மூலைக்கு மாற்றினார். "அதுக்கு ஆடுறவங்களை மட்டும்தான் தெரியும்மா. உட்கார்ந்திருக்கிற மனுஷனைத் தெரியாது" என்று அதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

அடுத்த பிரச்சினைதான் பெரிது. விளக்கு எரியவேண்டிய நேரத்தில் எரிவதில்லை. போனில் பார்த்தால் எல்லாப் பல்பும் 'ஆஃப்லைன்' என்று காட்டும். பல்புக்காரர் ரவுட்டரைக் குறை சொன்னார், அதை நடுவீட்டில் கொண்டுவந்து வைத்தார். ஒரு பல்பை மாற்றினார். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். எல்லாம் முடித்து அவர் கிளம்புகிற நேரத்தில், லைன்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து, அறை அறையாகப் போய்ச் சுவர் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அணைத்த பிறகு ஒருமுறை தொட்டும் பார்த்துக்கொண்டார். ஆயுள் முழுக்கப் பழகிய கை. வேலை முடிந்தால் லைனை நிறுத்து.

பல்புக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அம்மா, சுவர்ல அணைச்சுட்டா பல்புக்கு உயிரே இல்ல. நாம போன்ல கத்துறது அதுக்கு எப்படிக் கேக்கும்?"

சுவிட்சுகளின் மேல் டேப் ஒட்டினார்கள். லைன்மேன் உரித்தார். சுவிட்சை எடுத்துவிட்டு வெறும் மூடி போட்டார்கள். அதற்குத்தான் அவர் தவித்துப்போனார். சுவரைத் தடவிக்கொண்டே நிற்பார். சுவிட்ச் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுவார். ஒருநாள் கன்ட்ரோலம்மா குளித்துவிட்டு வந்து பார்க்கிறாள், ஸ்பூன் முனையால் மூடியின் திருகைக் கழற்றி முடித்துவிட்டார். உள்ளே உயிரோடு இருக்கும் கம்பி. மகன் பெயர் மறந்துபோன மனுஷனுக்குத் திருகு கழற்ற மறக்கவில்லை. அவள் ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றைக்கே பழையபடி சுவிட்சைப் பொருத்தச் சொல்லிவிட்டாள்.

யோசனை அவளுக்குத்தான் தோன்றியது. "இந்த ஸ்பீக்கர்ல என் குரல் வருமா?"

"நீங்க சொல்றதைப் பதிஞ்சு வைக்கலாம்மா. அவர் சுவிட்ச் கிட்டப் போனா தானா பேசும்."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். இத்தனை வருஷத்துக்கப்புறம் அந்தக் குரல் தானாக வந்தது. வீட்டில் பேசுகிற குரல் இல்லை, மேஜைக்குப் பின்னாலிருந்து பேசுகிற குரல். "கன்ட்ரோல் பேசறேன். லைன் வேலை நடக்குது. சுவிட்சைத் தொட வேண்டாம். விளக்கு எரியட்டும்."

சாயங்காலம் லைன்மேன் எழுந்து நடைக்குப் போனார். கையைத் தூக்கினார். ஸ்பீக்கர் பேசியது. அவர் கை அப்படியே நின்றது. முதுகு நிமிர்ந்தது. தெளிவான குரலில், "சுவிட்சைத் தொட வேண்டாம். விளக்கு எரியட்டும்" என்று திருப்பிச் சொன்னார். பல்புக்காரர் வாயைப் பிளந்துவிட்டார். கன்ட்ரோலம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் அவர் நகரவில்லை. கையைத் தூக்கியபடியே காத்திருந்தார்.

"சரி"க்காகத்தான் நிற்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பதிவுக்குப் பதில் சொல்லத் தெரியாதே. பக்கத்தில் போய், "சரிங்க. சரி. வாங்க" என்றாள்.

அவர் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு? கன்ட்ரோல் சொல்லட்டும்."

அவள் சமையலறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்து, போனை வாயருகே வைத்து ஸ்பீக்கர் வழியாக "சரி" என்றாள். அவர் உடனே கையை இறக்கிவிட்டு, எரிகிற விளக்குகளின் கீழே பத்திரமாக நடந்துபோய்ப் படுத்தார்.

அதற்கப்புறம் ரொம்ப நாள் அவர் விழவே இல்லை. மகனுக்கு ஒரே சந்தோஷம். நண்பர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டான். இல்லத்துப் பேச்சை விட்டுவிட்டான். கன்ட்ரோலம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் எழுந்தால், "எழுந்தாச்சா? நேரா நடங்க. வலது பக்கம் கதவு" என்பாள். அவர் திருப்பிச் சொல்வார். இவள் "சரி" என்பாள். சாப்பாடு, மாத்திரை, குளியல், எல்லாவற்றுக்கும் இதே வழியாயிற்று. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரில் நின்று கெஞ்சினால் வாயைத் திறக்காதவர், ஸ்பீக்கர் சொன்னால் சமர்த்தாகச் சாப்பிட்டார். அவளுக்கு வேலை பாதி குறைந்தது. அதில் அவள் கொஞ்சம் அகமகிழ்ந்தும் போனாள். அதுதான் அவள் செய்த தப்பு. இந்தத் தப்பைச் செய்ய வேறு யாராலும் முடியாது. லைனில் வரும் குரலாகவே வாழ்ந்தவளால்தான் முடியும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்து அவர் கேட்டார். "கன்ட்ரோல், உனக்கு டூட்டி எப்ப முடியும்?"

அவள் சமையலறையில் நின்றபடி, "முடிஞ்சுடும், நீங்க சாப்பிடுங்க" என்றாள். பிறகு ஓடி வந்து எதிரில் உட்கார்ந்தாள். "பாருங்க, முடிஞ்சுடுச்சு. வந்துட்டேன்."

அவர் மரியாதையாக நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "உட்காருங்கம்மா. என் சம்சாரம் டூட்டில இருக்கா. இப்ப வந்துடுவா."

பல்புக்காரரைக் கூப்பிட்டாள். "குரலை மட்டும் எடுத்துடுங்க" என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். "என் புருஷன் என்னைவிட்டுட்டு அதோட குடித்தனம் பண்றாரு" என்றாள். வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தாள். குரல் உடைந்துவிட்டது. அவர் ஸ்டூலில் ஏறி ஸ்பீக்கரைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலத்தை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். சுவிட்ச் பக்கம் போன லைன்மேன் குரலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. "கன்ட்ரோல்" என்றார். பிறகு சத்தமாகக் கூப்பிட்டார். "நான் இங்க இருக்கேங்க, இதோ பாருங்க, நான்தான்" என்று அவள் தோளைப் பிடித்தாள். உதறிவிட்டு அறை அறையாகத் தேடினார். "லைன் செத்துப்போச்சு. கம்பத்துல ஆள் இருக்கான். கன்ட்ரோல் பேசல. அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று கதறிக்கொண்டே வாசலைத் திறந்து படியில் இறங்கப் போனார். ஒரு கால் அந்தரத்தில். அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் வாசலுக்குள் வந்து விழுந்தார்கள். அவர் விழுந்தது அவள் மேல். அதனால் அவருக்கு அடியில்லை.

முழங்கை சிராய்ப்போடு அப்படியே கிடந்தாள். மகனிடம் சொல்லக் கூடாது என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கப்புறம் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து ஸ்பீக்கரைத் தானே மாட்டினாள். மூன்று தடவை மினுக்கி அது வைஃபையைப் பிடித்துக்கொண்டது. "கன்ட்ரோல் பேசறேன்" என்றாள். அழுதுகொண்டிருந்த மனுஷன் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது அவளுக்கு வந்தது நிம்மதி இல்லை, பொறாமை. தன் குரல்மேலேயே பொறாமை. இப்படி ஒரு கேவலம் உலகத்தில் இருக்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வீட்டிலிருக்கும் அம்மாவை அவருக்கு நாளுக்கு நாள் பிடிக்காமல்போனது. கூச்சம்தான் காரணம். ஊர் பேர் தெரியாத ஒரு பெண், சட்டையைக் கழற்ற வருகிறாள், பக்கத்துக் கட்டிலில் படுக்கிறாள். அந்த அம்மா இருக்கட்டும் என்று கன்ட்ரோலம்மா ஸ்பீக்கர் வழியாக ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். அவர் கன்ட்ரோல் பேச்சுக்குக் கட்டுப்பட்டார். ஆனால் விடிகிறவரை படுக்காமல் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தார். மறுநாள் நடக்கவே தள்ளாடினார். தள்ளாடினால் விழுவார். விழுந்தால் இல்லம்.

அன்று அந்தி மங்கியதும் இரவு உடை மாற்ற அவர் காலரில் கை வைத்தாள். அவர் பதறி இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்மா. கும்பிடறேன், போயிடுங்க. என் சம்சாரம் வர்ற நேரம். பார்த்தா என்ன நினைப்பா?"

அவள் சமையலறைக்குப் போனாள். போனை எடுத்தாள்.

"கன்ட்ரோல் பேசறேன்."

"கன்ட்ரோல், வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க. கெட்டவங்க இல்ல. ஆனா போக மாட்டேங்கறாங்க. நீ சொல்லேன்."

அடுப்பின் மேல் பால் பொங்க ஆரம்பித்திருந்தது. அணைத்தாள். "போகச் சொல்றேன்" என்றாள்.

"அந்த அம்மாவைப் போகச் சொல்றே."

"சரி."

செருப்பை மாட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். அவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். வெளியே வந்து கதவைச் சாத்தி, சத்தம் வராமல் பூட்டினாள். வைஃபை படிக்கட்டு வரைக்கும் எட்டும், உள்ளே அவர் பேசுவதும் ஸ்பீக்கர் வழியாகப் போனில் கேட்கும். மேல்படியில் உட்கார்ந்துகொண்டாள். மாடியேறி வந்த எதிர்வீட்டுப் பெண், சாவி தொலைந்துவிட்டதா என்று கேட்டாள். காற்றுக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

"போயிட்டாங்க. சட்டையைக் கழட்டி நாற்காலில போடுங்க. படுங்க" என்றாள் போனில். அவர் திருப்பிச் சொல்லிவிட்டு நடந்தார். கூடத்து விளக்கு எரிந்தது, நடை விளக்கு எரிந்தது, அறை விளக்கு. திரையில் அவர் படுக்கைக்குப் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. விளக்கைக் குறைத்தாள். அவர் தூங்கிக் குறட்டை வந்த பிறகுதான் உள்ளே போகலாம். முதல்நாள் என்பதால் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கன்ட்ரோல்."

"சொல்லுங்க."

"இருட்டுல போகச் சொல்லிட்டோமே. அந்த அம்மா எங்க போவாங்க? பாவம், நாள் முழுக்க ஏதோ செஞ்சுக்கிட்டே இருந்தாங்க. சாப்பிட்டாங்களான்னாவது கேட்டியா?"

 காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளின் குரல் வரும்வரை காத்திருந்தாள்.

"அவங்க சாப்பிட்டாங்க."

"அவங்க சாப்பிட்டாங்க" என்று திருப்பிச் சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார்.

"சரி" என்றாள் அவள். விளக்கை அணைத்தாள்.